வீட்டு உதவிக்கு அரசு தரும் விலை ஒன்று, நிறுவனம் போடும் விலை ஒன்று: மிச்சம் யார் தலையில்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பிரான்சின் கடல் கடந்த மாவட்டமான ரீயூனியன் தீவில், சேன்-லூயியில் இருக்கும் உங்கள் தம்பிக்கு விபத்துக்குப் பிறகு பே.சே.ஆஷ்., அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஈடுசெய் உதவியில் மாதம் 60 மணி நேரத்துக்கு ஆள் உதவி அனுமதித்திருக்கிறார்கள். கடிதத்தில் மணிக்கு 24.58 யூரோ என்று இருக்கிறது. ஆள் அனுப்பும் நிறுவனமோ மணிக்கு 29 யூரோ போடுகிறது. 2025 டிசம்பர் பில்லில் உங்கள் பங்கு என்று 410 யூரோ 20 சென்ட் நிற்கிறது. மெல்போர்னில் இருக்கும் உங்கள் சித்தி மகள், "எங்க ஊர்ல அரசு போட்ட விலைக்கு மேல ஒரு டாலர்கூட கேட்க முடியாது, உங்களை நல்லா ஏமாத்துறாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதனால் 24.58 என்பது சட்டம் போட்ட உச்ச விலைதானா, அதற்கு மேல் வாங்குவது குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் அவசரமானது: இந்த 410 யூரோவை மாதாமாதம் அழுதுதான் தீர வேண்டுமா?

குற்றமில்லை. அந்த 24.58, நிறுவனம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கான வரம்பு அல்ல. மாவட்ட மன்றம் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தரும் என்பதற்கான கணக்கு. நிறுவனத்தின் விலைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது, எல்லா நிறுவனத்துக்கும் ஒரே மாதிரியும் இல்லை. உங்கள் 410 யூரோவில் ஒரு பகுதியைக் குறைக்க முடியும், ஒரு பகுதி வரி வழியாகத் திரும்பி வரும், ஒரு பகுதி கையை விட்டுப் போகும். எது எது என்று கீழே பிரித்துச் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. புதுச்சேரியிலிருந்து வந்து இந்தத் தீவில் குடியேறிய பலரைப் போல நானும் கணக்குப் பிரிவில்தான் காலத்தை ஓட்டினேன். அதில் பெரும்பகுதி, வீட்டு உதவிச் சங்கம் ஒன்றில் பில் போடும் மேசையில். மாவட்ட மன்றத்துக்கு ஒரு பில், குடும்பத்துக்கு ஒரு பில் என்று இரண்டையும் பிரித்து அனுப்புவதுதான் வேலை. ஆகையால் பணம் எப்படி நகர்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை; அவற்றைப் பார்த்தால்தான் தெரியும் என்கிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

உங்கள் சித்தி மகள் சொன்னதிலிருந்து தொடங்கலாம். அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி, அதுவும் முக்கால்வாசி. ஆஸ்திரேலியாவில் 2013 சட்டப்படி நடக்கும் என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று ஒரு பட்ஜெட் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தை விற்பவர்கள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு சேவைக்கும் உச்ச விலை வெளியிடுகிறார்கள். வழக்கமாக ஜூலை 1 அன்று புதுப்பிப்பார்கள். 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்கு, வார நாள் பகலில் சாதாரண ஆள் உதவிக்கு மணிக்கு 70.23 டாலர். பணத்தை அரசு முகமையோ, திட்ட மேலாளர் என்று ஒருவரோ கையாண்டால் அதற்கு மேல் வாங்க முடியாது. ஆனால் தன் பணத்தைத் தானே நிர்வகிப்பவருக்கு அந்த வரம்பு பொருந்தாது. அவர் விரும்பினால் கூடுதலாகவும் கொடுத்துக்கொள்ளலாம், பட்ஜெட் தொகை மட்டும் ஏறாது. அதைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

இங்கே அடித்தளமே வேறு. பிரான்சின் 2005 பிப்ரவரி 11 சட்டம் கொண்டுவந்து 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பே.சே.ஆஷ்., ஆள் உதவி விஷயத்தில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பதில்லை, மணி நேரத்தைக் கொடுக்கிறது. எம்.டே.பே.ஆஷ்., அதாவது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தின் குழு வீட்டு நிலையைப் பார்த்து, குளிப்பாட்ட, உடுத்த, சாப்பிட, கழிப்பறைக்குப் போக, வெளியே போய்வர எவ்வளவு நேரம் தேவை என்று கணக்கிட்டு மணி நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதைப் பணமாக மாற்றிக் கொடுப்பது கொன்சேய் தெபார்த்மாந்தால், அதாவது மாவட்ட மன்றம். மாற்றும் விகிதம் யார் வந்து உதவுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆள் அனுப்பும் நிறுவனம் என்றால் ஒரு விகிதம், நீங்களே ஆள் வைத்தால் ஒன்று, வீட்டு மனிதரே பார்த்துக்கொண்டால் இன்னொன்று. ஆக, கடிதத்தில் இரண்டு எண்கள் இருந்தாலும் அவை இரண்டு வேறு கைகளிலிருந்து வந்தவை. 60 மணி போதவில்லை என்றால் எம்.டே.பே.ஆஷ்.ஸிடம் முறையிட வேண்டும். 24.58 குறைவு என்றால் அங்கே போய் நின்று பயனில்லை, மாவட்ட மன்றத்திடம்தான் பேச வேண்டும். இது தெரியாமல் தப்பான கவுண்டரில் மாதக்கணக்கில் நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முறையீட்டுக்கு இரண்டு மாதக் கெடு உண்டு, கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும்.

அந்த 24.58 எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை மேல் வரம்பு என்று நினைக்கிறார்கள். அது உண்மையில் கீழ் வரம்பு. பல ஆண்டுகள் இந்த விகிதம் 17.77 யூரோவில் அசையாமல் கிடந்தது. அந்தப் பணத்தில் சங்கங்களால் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. 2021 அக்டோபரில் லாப நோக்கற்ற வீட்டு உதவிச் சங்கங்களின் பணியாளர்களுக்குச் சம்பளம் கணிசமாக ஏறியது, சராசரியாக 13 முதல் 15 சதவீதம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சுமையோடு சேர்ந்துதான் 2022 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச விகிதம் வந்தது: மணிக்கு 22 யூரோ. 2023இல் 23, 2024இல் 23.50, 2025இல் 24.58. எந்த மாவட்ட மன்றமும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது, மேலே கொடுக்கலாம். ஜனவரியில் எண் மாறும் வழக்கம் இருப்பதால் உங்கள் ஜனவரி பில்லைப் பழைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள், மன்றத்தின் புதிய கடிதத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்படியானால் நிறுவனத்தின் விலையை யார் கட்டுப்படுத்துகிறார்? நிறுவனங்கள் இரண்டு சாதி. ஒன்று அபிலித்தே, அதாவது சமூக உதவிக்குத் தகுதி பெற்றவை. இவற்றின் மணி விலையை மாவட்ட மன்றத் தலைவரே ஆணையிட்டு நிர்ணயிப்பார். அந்த விலைப்படியே மன்றம் பணம் கட்டும், பொதுவாகக் குடும்பத்தின் தலையில் வித்தியாசம் விழாது. உங்கள் சித்தி மகள் நினைக்கும் உச்ச விலைக்கு இங்கே கிட்டத்தட்ட நிகரானது இதுதான். இரண்டாவது சாதி, நடத்த அனுமதி மட்டும் உள்ளவை, அபிலித்தே இல்லாதவை. இவை ஒப்பந்தம் போடும் நாளில் எந்த விலையும் சொல்லலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதுதான் விலை. ஆனால் போட்ட பிறகு இஷ்டப்படி ஏற்ற முடியாது. ஆண்டுக்கு இவ்வளவு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அமைச்சக ஆணை ஒவ்வோர் ஆண்டும் வெளிவருகிறது. மணிக்கு 29 யூரோ வாங்குவதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாம் சாதி என்றே தோன்றுகிறது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்; இல்லையென்றால் கேளுங்கள், சொல்வது அவர்கள் கடமை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. 2022 முதல் சில நிறுவனங்கள் மாவட்ட மன்றத்தோடு பல ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, தரத்தை உயர்த்துவதற்காக மணிக்குச் சுமார் 3 யூரோ அளவில் கூடுதல் மானியம் வாங்குகின்றன. மாலையிலும் ஞாயிறிலும் வேலை செய்வது, தூரத்து வீடுகளுக்குப் போவது, குடும்பம் கட்டும் மிச்சத்தைக் குறைப்பது போன்ற நிபந்தனைகளுக்குத்தான் அந்த மானியம். உங்கள் நிறுவனம் அதை வாங்குகிறதா, வாங்கினால் குடும்பத்தின் மிச்சத்துக்கு என்ன வரம்பு ஒத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தொலைபேசியில் கேட்டால் "பார்த்துச் சொல்றோம்" என்பார்கள். எழுதிக் கேளுங்கள், நகலை மன்றத்துக்கும் அனுப்புங்கள்.

இனி அந்த பில். நீங்கள் பதிவிட்ட எண்களை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், 410.20 சரியாக வருகிறது. ஆனால் அது ஒரே தொகை இல்லை, மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முதலாவது, அனுமதித்த 60 மணிக்கு, 29க்கும் 24.58க்கும் உள்ள வித்தியாசம்: மணிக்கு 4.42, மொத்தம் 265.20. இரண்டாவது, டிசம்பருக்கு 31 நாள். தினம் இரண்டு மணி நேரம் என்றால் 62 மணி. அனுமதி 60. கூடுதலான 2 மணியும் முழு விலையில் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது: 58 யூரோ. மூன்றாவது, நான்கு ஞாயிறுகள், 25ஆம் தேதி, அப்புறம் 20ஆம் தேதி. டிசம்பர் 20 அடிமை முறை ஒழிந்த நாள், 1848. பாரிசில் சாதாரண நாள், நம் தீவில் விடுமுறை. ஆறு நாளும் தலா இரண்டு மணி, ஒப்பந்தப்படி 25 சதவீதம் கூடுதல், மணிக்கு 7.25 வீதம் 87 யூரோ.

இந்த மூன்றில் எளிதாகக் குறைக்கக்கூடியது நடுவில் உள்ள 58. பிப்ரவரியில் 28 நாள்தான், 56 மணிதான் ஓடும், 4 மணி மீதமாகும். மன்றம் கணக்குத் தணிக்கை செய்யும்போது குறைந்தது ஆறு மாத காலத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது விதி, ஒரே மாதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. அப்படியிருக்க 31 நாள் மாதத்தின் கூடுதல் மணியைக் குறைந்த மாதத்தோடு ஈடுகட்ட மன்றம் சம்மதிக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் தணிக்கை விதி வேறு, மாதப் பட்டுவாடா வேறு. நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் போகும்போது மாத வரம்பு கணினியிலேயே பூட்டியிருக்கலாம். சம்மதிக்காவிட்டால், 31 நாள் மாதங்களில் வீட்டில் யாராவது இருக்கும் ஒரு நாளைப் பார்த்து ஆளை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கடைசி நேரத்தில் சொன்னால் வராத ஆளுக்கும் பில் போடுவார்கள்.

ஞாயிறு, விடுமுறைக் கூடுதல் ஒப்பந்தத்தில் இருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். அதில் இல்லாத கூடுதல் எதையும் கட்டத் தேவையில்லை. கோப்புக் கட்டணம், மாதாந்திர நிர்வாகக் கட்டணம் என்று பில்லின் அடியில் 8, 10 யூரோ ஒட்டிக்கொண்டு வரும். அதையும் ஒப்பந்தத்தோடு ஒத்துப் பாருங்கள். இன்னொன்று: வீடு கூட்டித் துடைப்பது, துணி துவைப்பது போன்ற வீட்டு வேலையை பே.சே.ஆஷ். ஆள் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்த பெண்மணி தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு அரை மணி நேரம் தரையும் துடைத்தார் என்றால், அந்த அரை மணியை "வீட்டு வேலை" என்று நிறுவனம் குறித்தால் அது முழுக்க உங்கள் செலவு. பில்லில் வேலை வகை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆள் வந்ததும் போனதும் தொலைபேசி வழியாகப் பதிவு செய்யும் முறை இருந்தால், அந்த நேரப் பட்டியலைக் கேட்டு வாங்கி பில்லின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

மீதம் அந்த 265.20. இதற்கு நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் அவர்கள் பக்கமும் பார்த்துவிடலாம். 2025இல் ஸ்மிக், அதாவது சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம், பிடித்தத்துக்கு முன் மணிக்கு 11.88 யூரோ. அதன் மேல் முதலாளி கட்டும் பங்கு, விடுப்பு, பயிற்சி, ஒருவர் நோயில் விழுந்தால் மாற்று ஆள், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரம். அந்தப் பயண நேரமும் சம்பள நேரம்தான், ஆனால் எந்தக் குடும்பத்தின் பில்லிலும் ஏறாது. தீவின் தலைநகர் சேன்-தெனியில் ஒரே கட்டடத்தில் மூன்று வீடு பார்ப்பவருக்கும், சேன்-லூயியிலிருந்து நானூறு வளைவு ஏறி மலைக்குள் இருக்கும் சிலாவோஸ் ஊருக்குப் போய்வருபவருக்கும் மன்றம் அந்த ஆண்டு கொடுத்தது அதே 24.58. ஆஸ்திரேலியாவில் தொலைவான ஊருக்கு 40 சதவீதம், மிகத் தொலைவுக்கு 50 சதவீதம் உச்ச விலையையே ஏற்றிக் கொடுக்கிறார்கள். இங்கே விகிதத்தில் அந்த மாதிரி ஏற்றம் எதுவும் இல்லை. கண்டத்துப் பிரான்சைவிட இங்கே விலைவாசி சுமார் 9 சதவீதம் அதிகம் என்று 2022 கணக்கெடுப்பு சொன்னது. குறைந்தபட்ச விகிதம் மட்டும் பாரிசுக்கும் நமக்கும் ஒன்று. எல்லா நிறுவனமும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. 26, 27 என்றால் எனக்குப் புரியும். 29 கொஞ்சம் கனமான விலை என்றே நினைக்கிறேன். அது என் கருத்து, சட்டம் அல்ல.

குறைக்க முதல் வழி, நிறுவனத்தை மாற்றுவது. இந்த நிறுவனம்தான் வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டிப்போடவில்லை. மாதம் 100 யூரோவுக்கு மேல் போகும் சேவைக்கு இலவசமாகத் தெவி, அதாவது விலை மதிப்பீடு, எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாவட்ட மன்றத்திடம் உங்கள் பகுதிக்கு வரும் அபிலித்தே நிறுவனங்களின் பட்டியலைக் கேளுங்கள். உங்கள் ஊர் மேரியின், அதாவது நகராட்சியின், சமூக உதவிப் பிரிவிலும் கேட்கலாம். இரண்டு மூன்று தெவி வாங்கி, ஞாயிறு விலையையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். மணிக்கு 26 என்று சொல்லிவிட்டு ஞாயிறுக்குப் பாதி விலை ஏற்றுபவரைவிட, 27 சொல்லி ஞாயிறுக்குக் கால்வாசி ஏற்றுபவர் மேலாக இருக்கலாம். ஒரு சிக்கல்: அபிலித்தே இடங்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கக்கூடும். புதிய இடம் உறுதியாகும்வரை பழைய ஒப்பந்தத்தை முறிக்காதீர்கள். முறிக்கும்போது அறிவிப்புக் காலத்தைப் பாருங்கள்.

நீங்களே ஆளை வேலைக்கு வைப்பது அடுத்த வழி. மணிக்கு மன்றம் தருவது குறையும், ஆனால் செலவும் குறையும், பே.சே.ஆஷ். பெறுபவருக்கு முதலாளிப் பங்கில் பெரும்பகுதி தள்ளுபடி உண்டு. நிறையக் குடும்பங்களுக்குக் கைக்காசு கட்ட வேண்டிய மிச்சமே இல்லாமல் போகிறது. அதற்கு விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும்: உங்கள் தம்பி முதலாளி ஆகிவிடுவார். விடுப்பு, நோய், வேலை நீக்கம், வழக்கு எல்லாம் அவர் பெயரில். மாந்ததேர் முறையில் ஒரு நிறுவனம் தாள் வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதற்காக மன்றத்தின் விகிதம் 10 சதவீதம் ஏறும். ஆனால் முதலாளி அப்போதும் உங்கள் தம்பிதான். நிர்வகிக்க வீட்டில் ஒருவர் நிலையாக இல்லையென்றால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

அம்மா கூடவே இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 60 மணியில் ஒரு பகுதியை அவர் செய்வதாகக் காட்டினால் அவருக்கு ஈட்டுத்தொகை கிடைக்கும்: நிகர ஸ்மிக்கில் மணிக்கு 50 சதவீதம், இதற்காக அவர் வேலையைக் குறைத்திருந்தாலோ விட்டிருந்தாலோ 75 சதவீதம். ஒரு மாதத்தில் ஒருவருக்கு, முழுநேர நிகர ஸ்மிக்கின் 85 சதவீதம் வரைதான். வேலையை முழுக்க விட்டு எந்நேரமும் கூடவே இருக்க வேண்டிய நிலையில் அது இன்னும் 20 சதவீதம் ஏறும். டிசம்பர் போன்ற மாதத்தில் ஞாயிறு, விடுமுறை மணிகளை அம்மா பேருக்கு மாற்றினால் அந்த 87 போகும், அந்த 12 மணிக்கான வித்தியாசம் 53.04 யூரோவும் போகும், அவர் கைக்கும் கொஞ்சம் வரும். ஆனால் சும்மா மாற்றிக்கொள்ள முடியாது, திட்டத்தைத் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் முதுகு தாங்குமா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: "மன்றம் தரும் 1,474.80ஐ 29ஆல் வகுத்து, 50 மணி மட்டும் வாங்கிக்கொள், மிச்சம் கட்ட வேண்டாம்." இது ஆஸ்திரேலிய பட்ஜெட் முறையில் சரிப்படும். இங்கே நிறுவனத்துக்கு மணிக் கணக்கில் பணம் போகிறது. 50 மணி வந்தால் மன்றம் 50 தரம் 24.58தான் கட்டும், அதாவது 1,229. மிச்சம் அப்போதும் உங்கள் தலையில். பணம் உங்கள் தம்பியின் கணக்குக்கு வருகிறது என்றால் கையில் கிடைத்ததை அப்படிச் செலவழிக்கத் தோன்றும். ஆனால் தணிக்கையில் மணி குறைகிறது என்று சொல்லித் திருப்பிக் கேட்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டு பின்னால் போய்க் கேட்கலாம். மன்றம் எழுத்தில் சம்மதிக்காமல் நான் அதைத் தொட மாட்டேன்.

இன்னொரு சரிபார்ப்பு. மன்றம் 1,474.80 முழுவதையும் கட்டுகிறது என்று நீங்கள் சொல்வதிலிருந்து தம்பிக்கு 100 சதவீத விகிதம் என்று தெரிகிறது. வைப்பு வட்டி, வாடகை போன்ற சொத்து வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அது 80 ஆகும். சம்பளத்தை அதில் எண்ண மாட்டார்கள். விபத்து இழப்பீடு வந்து அதை வங்கியில் போடும் எண்ணம் இருந்தால், போடுவதற்கு முன் இதை விசாரித்துவிடுங்கள். மாவட்ட ஈடுசெய் நிதி என்று ஒன்றும் உண்டு, விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் கருவி, வீட்டு மாற்றம் போன்ற ஒருமுறைச் செலவுக்குத்தான் போகிறது, மாதாந்திர மிச்சத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

சக்கர நாற்காலி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அங்கே நிலைமை தலைகீழ். 2025 டிசம்பர் 1 முதல் சக்கர நாற்காலிச் செலவை மருத்துவக் காப்பீடே முழுமையாக ஏற்கிறது. அதற்கு ஈடாக ஒவ்வொரு வகைக்கும் விற்பனை விலை வரம்பு போட்டிருக்கிறார்கள், கடைக்காரர் அதைத் தாண்டக் கூடாது. சித்தி மகள் சொல்லும் மாதிரியான நிஜமான உச்ச விலை இதுதான். அந்தப் பட்டியலில் கடல் கடந்த மாவட்டங்களுக்கென்று ஒரு பெருக்கல் விகிதமும் நெடுநாளாக இருக்கிறது, அதனால் பாரிஸ் விலையைப் பார்த்துவிட்டு இங்கே சண்டைக்குப் போகாதீர்கள். டிசம்பருக்குப் பிறகு எழுதிய மருந்துச்சீட்டுக்கு யாராவது உங்கள் கையிலிருந்து வித்தியாசம் கேட்டால், விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக வரி. நம் மக்கள் அதிகம் விடுவது இதைத்தான். வீட்டில் செய்யப்படும் உதவிக்கு நீங்கள் சொந்தமாகக் கட்டிய தொகையில் பாதி வரிக் கடனாகத் திரும்பி வரும். மன்றம் கட்டியதைக் கழித்துவிட்டு உங்கள் கைக்காசை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்டுச் செலவு வரம்பு சாதாரணமாக 12,000 யூரோ, சே.எம்.இ. இன்வாலிதித்தே, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு 20,000. அந்த 410.20 என்றால் 205.10 திரும்பும். வரியே கட்டாதவருக்கும் இது பணமாகவே வரும். "எங்களுக்குத்தான் வரி இல்லையே" என்று படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுபவர்கள் இந்தத் தீவில் ஏராளம். 2042 ரிசி (RICI) வரிப் படிவத்தில் 7 டே பே (7DB) கட்டத்தில் தொகை, 7 டே ஜே (7DG) கட்டத்தில் அட்டைக்கான குறி. நிறுவனம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வரிச் சான்று அனுப்பும், அதிலுள்ள தொகையிலிருந்து மன்றத்தின் பங்கு கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பில் தம்பி பெயரில் இருந்து, அவர் தனியாக வரி அறிக்கை கொடுப்பவர் என்றால் அவர் படிவத்தில்; அம்மாவின் வரிக் குடும்பத்தில் சேர்ந்திருந்தால் அம்மா படிவத்தில். முதல் முறை முழுத் தொகையும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும், அதற்கடுத்த ஆண்டிலிருந்து ஜனவரி நடுவில் 60 சதவீதம் முன்பணமாக வந்துவிடும். கணக்கில் வருவது பணம் கட்டிய தேதிதான், வேலை நடந்த மாதம் அல்ல. ஆகவே இந்த டிசம்பர் பில்லை ஜனவரியில் கட்டியிருந்தால் அது 2026 செலவு; 2027 ஏப்ரல், மே வாக்கில் கொடுக்கும் படிவத்தில்தான் அது வரும்.